கைகொடுக்க வருகிறான், கதவைத் திறப்பார் யார்?

“உனக்கே ஒரு துணை வேண்டியிருக்கிறது, நீ யாருக்கப்பா துணையாகப் போகிறாய்?”

இப்படிக் கேட்பவர்கள் கொடியவர்கள் அல்லர், தோழர்களே! நல்லவர்கள். இரக்க நெஞ்சம் படைத்தவர்கள். பேருந்திலே எழுந்து இடம் தருபவர்கள். திருவிழாக் கூட்டத்திலே வழிவிட்டு ஒதுங்கி நிற்பவர்கள். ஆனால், சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒருவன், “என் ஊரிலே என்னைப்போல் முடங்கிக் கிடப்போர் வீடுகளுக்குச் சென்று அவர்களுக்குத் துணைநிற்கும் வேலையை எனக்குத் தாருங்கள், அந்த வேலைக்கு உரிய கூலியையும் தாருங்கள்” என்று கேட்டுவிட்டால் போதும், அந்த நல்லவர்களின் நாவிலே இந்தக் கேள்வி வந்து நின்றுவிடுகிறது. உதவி கேட்டிருந்தால் அள்ளிக் கொடுத்திருப்பார்கள். வேலை கேட்டான்; வியந்து போனார்கள்!

உடற்குறை உள்ளவன் பெறுபவன், இல்லாதவன் தருபவன் என்ற இந்தப் பாகப்பிரிவினை எந்தப் பத்திரப் பதிவு அலுவலகத்திலே பதிவாயிற்று? யார் கையொப்பமிட்டார்கள்? சாட்சி யார்?

சென்னைக்குத் தெற்கே, தாம்பரம் தாண்டி, வண்டலூரிலே சற்று நின்று பாருங்கள். 1985 முதல் விலங்குகளைக் காண ஊர் ஊராக மக்கள் திரண்டு வரும் இடம். 2023 டிசம்பர் 30-ஆம் நாள் அண்டையிலே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டங்களுக்குப் போவோரும் வருவோரும் கடந்தே ஆகவேண்டிய வாயில். மின்தொடர் வண்டி உண்டு, மேம்பாலம் உண்டு, இரவும் பகலும் உறங்காத பெருஞ்சாலை உண்டு. பெருஞ்சாலை உண்டென்பதாலேயே விபத்தும் உண்டு.

இருசக்கர வண்டியிலே வேலைக்குப் போன ஓர் இளைஞன் தண்டுவடம் முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஆள்தான். ஆயினும் ஊரப்பாக்கத்திலோ, நெடுங்குன்றத்திலோ, மண்ணிவாக்கத்திலோ உள்ள தோழர் இதைப் படித்ததும், “எங்கள் பக்கத்துத் தெருவிலே ஒருவர் இருக்கிறாரே!” என்று எண்ணக்கூடும்.

அவன் முதல் ஆண்டு அழுதான். இரண்டாம் ஆண்டு சினந்தான். மூன்றாம் ஆண்டிலே கற்றான். என்ன கற்றான்? படுத்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை புரண்டு படுக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும் என்று கற்றான். நாற்காலியிலே அமர்ந்திருக்கும்போதும், கைகளை ஊன்றி உடலைச் சற்றே உயர்த்தி, அழுத்தத்தைத் தணிக்க வேண்டும் என்று கற்றான். வலி தெரியாத உடலிலே புண் சத்தமில்லாமல் ஆழம் போகும், எலும்புவரை போகும், உயிரையே குடிக்கும் என்று கற்றான். சிறுநீர்க் குழாயைத் தூய்மையாகக் கையாளக் கற்றான். எந்தச் சான்றுக்கு எந்த அலுவலகம், எந்த முகாமிலே எந்த மருத்துவர் என்று கற்றான். இத்தனைக்கும் அவனுக்கு வகுப்பு நடத்தியவர் எவருமில்லை. பட்ட பாடே பாடம்.

நான்காம் ஆண்டிலே, மூன்று தெரு தள்ளி இன்னோர் இளைஞன் அதே நிலையிலே வீடு வந்து சேருகிறான். அவன் தாய்க்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. மகனை அசைத்தால் வலிக்குமோ என்று அஞ்சி அசைக்காமலே வைத்திருக்கிறாள். பாசத்தாலேயே புண்ணை வளர்க்கிறாள்! அந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டியவர் யார்? எனக்கொன்றும் ஐயமில்லை. மூன்று தெரு தள்ளி இருக்கிறானே, அவன்தான். அவன் வாய்திறந்து சொன்னால் அந்தத் தாய் நம்புவாள். முடங்கிக் கிடக்கும் மகனோ, சொல்லுக்கு முன்பே, சக்கர நாற்காலியிலே வாசலில் வந்து நிற்கும் உருவத்தைக் கண்டே நிமிர்ந்து பார்ப்பான்.

பெண் என்றால் இந்தத் தேவை இருமடங்கு. படுக்கையிலே கிடக்கும் ஒரு பெண், தன் உடலின் தொல்லையை ஆண் பணியாளரிடம் சொல்ல மாட்டாள். மருத்துவரிடமே பாதிதான் சொல்வாள். அதே பாடு பட்ட இன்னொரு பெண் வந்து அருகமர்ந்தால் மீதிப் பாதியும் வெளிவரும். அத்தகைய பெண்கள் நம் ஊர்களிலே இல்லையா? இருக்கிறார்கள், வீட்டுக்குள்ளே இருக்கிறார்கள். வெளியே அழைப்பார் இல்லை, அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு உலகத்திலே பெயர் உண்டு, வரலாறும் உண்டு. 1978-இல், அன்றைய சோவியத்து நாட்டின் அல்மா-அட்டா நகரிலே கூடிய உலக மாநாடு, மருத்துவத்தை மாளிகைகளிலிருந்து மக்களின் தெருவுக்குக் கொண்டுவர உறுதி பூண்டது. அதையொட்டி உலக சுகாதார நிறுவனம் வளர்த்தெடுத்த முறைதான் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு. ஊனமுற்றவரை ஊரைவிட்டுப் பெயர்த்து விடுதியிலே வைக்காதே. ஊரிலேயே, வீட்டிலேயே, அண்டை அயலாரின் கைத்துணையோடு வாழவை என்பது அதன் சாரம். நல்ல முறை. ஆனால் அந்த அண்டை அயலாருள் ஊனமுற்றவரும் ஒருவர் என்பது பல ஏடுகளிலே விட்டுப்போயிற்று.

ஏட்டிலே விட்டுப்போனதை வாழ்விலே எழுதிக் காட்டியவர் நம் தென்பாண்டிச் சீமையிலேயே உண்டு. ஆய்க்குடி எஸ். இராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வுக்குப் பெங்களூர் சென்ற பொறியியல் மாணவர். உடற்திறன் சோதனையிலே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். கையும் காலும் அசையாத அந்த மனிதர் 1981-இல் ஆய்க்குடியிலே அமர்சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்துகொண்டே, சென்னையிலே கணக்காயராகத் தொழில் நடத்திவந்த எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். சில பிள்ளைகளோடு தொடங்கிய அந்தப் பணி, இன்று தென்காசி மாவட்டத்துச் சிற்றூர்களின் வீடுகளுக்கே நடந்து செல்கிற பணியாக வளர்ந்திருக்கிறது. 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருது கிடக்கட்டும். அவர் யாரிடமாவது போய் வேலை கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கேட்கவில்லை, தானே உண்டாக்கிக்கொண்டார். எல்லாராலும் அது ஆகுமா? தானே ஒரு நிறுவனம் தொடங்கினால்தான் ஊருக்கு உழைக்க முடியும் என்றால், அது ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வழி. மற்றவர்க்கு வேலைவாய்ப்பு வேண்டாமா?

வியப்பு என்னவென்றால், அதே 1981-இலே, கடல்கள் கடந்து மெக்சிகோ நாட்டு மலைச்சிற்றூர் அஹோயாவிலும் இதே விதை முளைத்தது. ‘டாக்டர் இல்லாத இடத்தில்’ என்று தமிழிலும் வந்த நூலை எழுதிய டேவிட் வெர்னர் உடனிருக்க, அவ்வூரின் ஊனமுற்ற இளைஞர்களே மறுவாழ்வுப் பணியாளர்கள் ஆனார்கள். ஊன்றுகோல் செய்தவர் ஊன்றுகோலோடு நடந்தவர்; சக்கர நாற்காலி செய்தவர் சக்கர நாற்காலியிலேயே அமர்ந்தவர். எங்கே கடிக்கும், எங்கே இடிக்கும் என்று அணிந்தவனுக்கன்றோ தெரியும்?

அமெரிக்காவிலே எட் ராபர்ட்ஸ் என்பவரின் வரலாறு இன்னும் சுவையானது. பதினான்காம் வயதிலே இளம்பிள்ளை வாதம். மூச்சு விடவும் இயந்திரத்தின் துணை. கல்லூரிக்கு உதவி கேட்டபோது, கலிபோர்னியா மாநிலத்தின் மறுவாழ்வுத் துறை, வேலை பார்க்கவே இயலாத அளவுக்கு ஊனம் மிக்கவர் என்று கூறிக் கைவிரித்தது. அவர் படித்தார், போராடினார், 1972-இல் பெர்க்லி நகரிலே, ஊனமுற்றோரே ஊனமுற்றோர்க்கு வழிகாட்டும் தற்சார்பு வாழ்வு மையம் எழக் காரணமாக இருந்தார். 1970-களின் நடுவிலே அந்த மாநில ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவரை ஒரு துறைக்கு இயக்குநர் ஆக்கினார். எந்தத் துறைக்கு? “இவர் வேலைக்கு ஆகமாட்டார்” என்று எழுதிய அதே மறுவாழ்வுத் துறைக்கு! கோப்பிலே எழுதியவர் அப்போதும் பணியிலே இருந்திருந்தால், புதிய இயக்குநருக்கு எழுந்து வணக்கம் சொல்லியிருக்க வேண்டும்.

அயல்நாடு நிற்கட்டும், நம் செங்கற்பட்டு மாவட்டத்துக்கு வருவோம். கடற்கரைச் சாலையிலே, முட்டுக்காட்டிலே, பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம், கோவளம் என்று சுற்றிக்கொண்டு போனால் சேர்ந்துவிடலாம். 2021 மே திங்களில் இந்திய மறுவாழ்வு மன்றமும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆறு மாதப் பயிற்சி ஒன்றை அறிவித்தன. தேசிய நிறுவனங்கள் வழியாகவும் தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் நடத்துவது என்று. ஊர் ஊராகச் சென்று, ஆஷா பணியாளரோடும் அங்கன்வாடிப் பணியாளரோடும் கைகோத்து, ஊனமுற்றோர் வீடுகளுக்குத் துணைநிற்கும் பணியாளர்களை உருவாக்குவது அதன் நோக்கம். பயிற்சி முடித்தவருக்கு ‘திவ்யாங் மித்ரா’ என்று பெயராம். தோழன் என்றால் தீர்ந்தது. அதற்கு இத்தனை வடமொழி எதற்கு? போகட்டும், பெயரிலே என்ன. வேலை கிடைத்தால் சரி.

வேலை கிடைக்கிறதா? அங்கேதான் கதவு சாத்தியிருக்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியிலே 3 விழுக்காடு தந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 4 விழுக்காடு ஆக்கியது. வறுமை ஒழிப்பு, வளர்ச்சித் திட்டங்களிலே 5 விழுக்காடு ஒதுக்கச் சொன்னது. பணியிடத்திலே தக்க மாறுதல்களைச் செய்து தருவது கடமை என்றும் விதித்தது. ஆனால் எந்தப் பணிக்கு எந்த ஊனமுற்றோர் ஏற்றவர் என்று பட்டியல் போடுகிறார்களே, அந்தப் பட்டியலிலே இருக்கிறது சூட்சுமம். 2021 ஜனவரியில் நடுவணரசு வெளியிட்ட பட்டியலிலே 3,500-க்கும் மேற்பட்ட பணிகள். ஒவ்வொரு பணிக்கும் நேரே உட்காருதல், நிற்றல், நடத்தல், பார்த்தல், கேட்டல், தூக்குதல் என்று தேவைகளைக் குறித்திருக்கிறார்கள். மனிதனைக் கண், காது, கை, கால் என்று கூறுபோட்டு எடைபார்த்த பட்டியல்! அறிதல், ஆறுதல் கூறுதல், நம்பிக்கை ஊட்டுதல் என்பவற்றுக்கு எடைக்கல் உண்டா?

பட்டியலும் விதியும் மாறா என்று எவரும் சோர வேண்டாம். பார்வையற்றோர் நீதிபதிப் பணிக்கு ஆகார் என்று மத்தியப் பிரதேசத்திலே ஒரு விதி இருந்தது. பார்வையற்ற மகனைப் பெற்ற ஒரு தாய் உச்சநீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காயிற்று. 2025 மார்ச் 3-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்த விதியை அடித்து வீழ்த்தியது. ஊனத்தைக் காரணம் காட்டி எவரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கலாகாது என்றது. வழக்கை விசாரித்துத் தீர்ப்பு எழுதக் கண் தேவையில்லை என்று நாட்டின் உயர்ந்த மன்றமே சொன்ன பிறகு, தெருவிலே துணைநிற்கக் கால் தேவை என்று ஒரு குமாஸ்தா சொல்வதை எப்படி ஏற்பது?

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது முறையன்று. படுக்கையிலிருந்து ஒரு ஆளைத் தூக்கி நாற்காலியிலே அமர்த்த வேண்டும் என்றால், சக்கர நாற்காலியிலே இருப்பவரால் ஆகுமா? ஆகாது. பார்வையற்றவர், காது கேளாத பிள்ளையோடு சைகை மொழியிலே பேசிவிடுவாரா? எளிதன்று. தனக்கு ஓர் ஊனம் இருப்பதாலேயே எல்லா ஊனத்தையும் அறிந்தவர் ஆகிவிட மாட்டார். ஆகவேதான் பயிற்சி வேண்டும் என்கிறோம். ஆகவேதான் இருவர் இருவராக அனுப்புங்கள் என்கிறோம். தூக்குவதற்குத் தோள் வலிமை உள்ளவர் ஒருவர், சொல்லித்தருவதற்குப் பட்டறிவு உள்ளவர் ஒருவர். எண்ணிப் பார்த்தால், இந்த வேலையிலே தூக்கும் நேரம் சிறிது. பேசும் நேரம், கேட்கும் நேரம், மனு எழுதும் நேரம், அலுவலகத்தோடு மல்லுக்கட்டும் நேரம் பெரிது. மருத்துவமனையிலே அறுவை மருத்துவர் நோயாளியைத் தாமா சுமந்து வருகிறார்?

இனி, கூலி. இங்கேதான் நம்மவர்களும் சறுக்குவது உண்டு. ஊனமுற்றவர் ஊருக்கு உழைக்க வந்தால், “ஆகா, என்ன தொண்டுள்ளம்!” என்று பொன்னாடை போர்த்திவிடுகிறோம். பொன்னாடையைக் காய்ச்சிக் குடிக்க முடியுமா? மற்றவர் செய்தால் வேலை, இவர் செய்தால் தொண்டு என்பது எந்த ஊர் நியாயம்? தமிழ்நாட்டிலே கடும் ஊனமுற்றோர்க்கான மாதப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியில் 2,000 ரூபாய் ஆயிற்று. அண்டை ஆந்திரத்திலே 2024-இல் ஊனமுற்றோர் ஓய்வூதியம் 6,000 ரூபாய் ஆக்கப்பட்டது. அந்தத் தொகை உயர வேண்டும் என்று போராடுவோர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் உதவித்தொகை உயிரைக் காக்கும். வேலைதான் தலையை நிமிர்த்தும். இரண்டிலே ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க விடலாகாது.

2022 ஜூன் திங்களில் உலக வங்கி 16 கோடியே 20 லட்சம் டாலர் கடன் ஒப்பிய தமிழ்நாடு உரிமைகள் திட்டம், ‘விழுதுகள்’ என்ற சேவை மையங்களை அமைத்து, மறுவாழ்வுப் பணியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோக முற்பட்டது. பெயர் அழகு, நோக்கம் அதனினும் அழகு. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: வாசலுக்கு வருகிற பணியாளருள், ஊதியம் பெறுகிறவருள், ஊனமுற்றோர் எத்தனை பேர்? பயனாளிகள் பட்டியலை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், தோழர்களே. பணியாளர் பட்டியலையும் கேளுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலே ஊனமுற்றோர் 11,79,963 பேர். அன்று எண்ணப்பட்ட ஊன வகைகள் எட்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றவையோ 21. 2021-இலே எடுத்திருக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படவே இல்லை. எனவே உண்மைத் தொகை இதனினும் பெரிது என்பதிலே எனக்கு ஐயமில்லை. இத்தனை பேரிலே வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

2025 ஏப்ரல் 16-ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்திலே இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். உள்ளாட்சி மன்றங்களிலே மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழி செய்தவை. நகர்ப்புற மன்றங்களிலே 650 பேர்; ஊரகத்திலே 12,000-க்கும் மேற்பட்டோர் இடம்பெறுவார்கள் என்று கூறப்பட்டது. 2025 ஜூலையில் விண்ணப்பங்களும் பெறப்பட்டன. இதை நான் பெரிய திருப்பமாகவே கருதுகிறேன். நியமனம் தேர்தலுக்கு ஈடாகாது என்பது உண்மை. தனியறிவு பெற்றோர் என நகர மன்றங்களுக்கு நியமிக்கப்படுவோர்க்குக் கூட்டத்திலே வாக்குரிமை இல்லை என்று அரசியலமைப்புச் சட்டமே கூறுகிறது. ஆயினும் மன்றத்திலே ஒரு நாற்காலி, ஒரு குரல், பதிவேட்டிலே ஒரு பெயர் என்பவை சிறியவை அல்ல. அந்த நாற்காலியைச் சுவரோரம் போட்டு, மாலை போட்டு, தேநீர் தந்து அனுப்பிவிடும் பழக்கம் வராமல் பார்க்க வேண்டியது யார் பொறுப்பு? நம் பொறுப்பு. தெருவிலே துணைநிற்கும் பணியாளர் கொண்டுவரும் குறை, நியமன உறுப்பினர் வாயிலாக மன்றத்திலே ஒலிக்குமானால், இரண்டு பதவிக்கும் பொருள் உண்டு. ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிதான்.

சரி, கிளைத் தோழர்கள் செய்ய வேண்டியது என்ன? தலைவர் பிறந்தநாளிலே மூன்றுசக்கர வண்டி வழங்கி, வண்டியினும் பெரிதாகப் படம் போடுகிறோமே, அந்த விழா இவ்வாண்டு இருந்துவிட்டுப் போகட்டும். வண்டி பெற்றவர் அதில் ஏறி எங்கே போனார் என்று அடுத்த மாதம் போய்க் கேட்டு வாருங்கள். போவதற்கு ஒரு வேலை இருந்ததா? நம் கிளை அலுவலகத்துக்கு வர முடிந்ததா? பல இடங்களிலே நம் படிப்பகங்களே மாடியிலே இருக்கின்றன. வாசலிலே மூன்று படிகள், கைப்பிடி கிடையாது. சமத்துவம் பேசும் கூட்டத்துக்குச் சமதளம் இல்லை! ஒரு கொத்தனாரும் இரண்டு மூட்டைச் சிமெண்டும் போதும். இதற்கு மாநில மாநாடு தீர்மானம் போட வேண்டியதில்லை.

அடுத்து, தெருவாரியாகப் பெயர் எடுங்கள். துணை வேண்டுவோர் பெயர் ஒரு பக்கம். துணையாக வர விரும்புவோர் பெயர் மறுபக்கம். இரண்டாம் பக்கம் வெறுமையாக இருந்தால், கேட்ட முறை தவறு என்று கொண்டு மீண்டும் போங்கள். பெண் தோழர்களை அனுப்பிப் பெண்களைக் கேளுங்கள். விரும்புவோரை முட்டுக்காட்டுக்கு அழைத்துச் சென்று, பயிற்சி அடுத்து எப்போது, தகுதி என்ன என்று நேரிலே விசாரியுங்கள். போகும் நாளிலே, பேருந்தின் எந்தப் படியிலே ஏற முடியவில்லை, எந்த நிறுத்தத்திலே தாழ்தளப் பேருந்து வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு மனுவாகும்.

பிறகு கிராம சபை. ஆகஸ்டு 15-லும் அக்டோபர் 2-லும் கூடும் சபையிலே, நிதிக்கணக்கு படித்து முடித்ததும் எழுந்து நில்லுங்கள். நிற்க முடிந்தவர் நில்லுங்கள். முடியாதவர் அமர்ந்தே கை உயர்த்துங்கள். நம் ஊரிலே மறுவாழ்வுத் துணைப்பணிக்கு ஆள் எடுக்கும்போது உள்ளூர் ஊனமுற்றோர்க்கு முதலிடம். பயிற்சிக் காலத்துக்குப் படி. பணிக்காலத்துக்கு மற்றப் பணியாளர்க்குள்ள அதே ஊதியம். போக்குவரத்துக்கு ஏற்பாடு என்று தீர்மானத்தை எழுதிக் கொடுங்கள். பதிவேட்டிலே ஏற்றி, எண் வாங்கி, படி ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, மூன்று தெரு தள்ளி இருக்கிறானே, அவன் கையிலே கொடுங்கள்.